புதிய கேமராவும் இருண்ட முகமும்

பல ஆண்டுகளாகக் கைக்கு அடக்கமான சிறிய கேமரா ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. சென்ற ஆண்டு, லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். இனிப் படங்கள் தாமாகவே அழகாக அமையும் என்று நம்பினேன். நடந்தது வேறு.

பள்ளியின் தீபாவளி நிகழ்ச்சியில் மேடையின் பின்புறம் பெரிய ஒளித்திரை. படத்தில் திரை தெளிவாக விழுந்தது. முன்னால் நின்ற பிள்ளைகளின் முகங்கள் இருண்டன. கருநிறம் கொண்ட ஒரு மாணவனின் கண்கள்கூடத் தெரியவில்லை. மேடையேறவே தயங்கிய பிள்ளை அவன். படத்தைப் பார்த்த அவன் தாயார், "டீச்சர், இதுல என் மகன் யாரு?" என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் தேக்காவுக்குச் சென்று பழகினேன். கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டின் பலவண்ணச் சுவர்களுக்குத் தானியங்கி முறையே போதும். கேம்பல் லேனில் மல்லிகைக் குவியலை எடுத்தாலோ, வெண்பூ சாம்பல் படிந்ததுபோல் வந்தது. கடைவீட்டு ஐந்தடிப் பாதையின் நிழலில் நிற்பவரை வெயில் பின்னணியில் எடுத்தால், அவர் வெறும் நிழலுருவானார்.

காரணம் பிறகுதான் விளங்கியது. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எதுவாயினும் அதைச் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே அளவிடத் தொடங்குகிறது. வெண்மையை மங்கச் செய்யும். பின்னணி ஒளிர்ந்தால் முகத்தை இருளில் தள்ளும். கூட்டல், கழித்தல் குறியிட்ட பொத்தானில் ஒரு படி கூட்டினால் ஒளி இருமடங்காகும். அதை முடிவு செய்ய வேண்டியவர் படமெடுப்பவரே.

இது புரிந்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசும் அம்மாணவனை, வகுப்பின் சராசரியை வைத்து, "ஆர்வம் இல்லாதவன்" என்று நானும் அளந்திருந்தேன். அவன் அருகில் அமர்ந்து, தனியே வாசிக்கக் கேட்டதில்லை. மறுவாரம் கேட்டேன். மெல்லிய குரலில், பிழையின்றி ஒரு பத்தியை வாசித்தான்.

சன்னலோரம் நிறுத்தி, அவன் முகத்துக்கேற்ப ஒளியை அளந்து, மீண்டும் ஒரு படம் எடுத்தேன். பின்னணி வெளுத்துப் போயிற்று. கண்கள் தெளிவாக விழுந்தன. அதைத் தாயாரிடம் கொடுத்தேன்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி விழாவில் உங்கள் பிள்ளையின் முகம் இருண்டு தெரிந்தால், அந்தக் கூட்டல் குறியைத் தேடுங்கள். நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.