சடையும் கயிறும் மோதிரமும்

ஜனவரி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடிவாசல் பேச்சுதான். தச்சங்குறிச்சியைப் போல ஊர் ஊராக ஜல்லிக்கட்டு நடக்கும். மாடு முட்டியவர்களின் கணக்கு மறுநாள் பேப்பரில் வரும். ஆனால், மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பவரின் விரலைப் பற்றிப் பேச்சு வருவது அபூர்வம். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கும்போது மாடு மிரண்டு ஓடினால், கயிறு விரலை அறுப்பதில்லை, பிடுங்குகிறது. வாடிவாசல் காளைக்கு மட்டுமல்ல, கொல்லையில் கட்டியிருக்கும் கறவை மாட்டுக்கும் இது பொருந்தும்.

ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. நாற்பது வருடத்துக்கு முன்னால், உழவு மாடு மிரண்டு ஓடியதில் தாத்தாவின் வலது கட்டைவிரல் கயிற்றோடு போய்விட்டது. வீட்டு ஆட்கள் காயத்தில் காப்பித்தூளை அப்பி, வேட்டியைக் கிழித்துக் கட்டி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். விரலை வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். அதன் பிறகு கடைசிவரை அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது அப்பத்தாதான்.

பேத்தி நர்ஸிங் படிக்கப் போன பிறகு ஒருநாள் அப்பத்தா கேட்டார்: "ஏன் ஆத்தா, அந்த வெரல எடுத்துக்கிட்டுப் போயிருந்தா ஒட்ட வச்சிருப்பாகளா?"

பேத்தி பொய் சொல்லவில்லை. "உறுதியாச் சொல்ல முடியாது அப்பத்தா. வெட்டுப்பட்ட விரல்னா ஒட்டவைக்க வாய்ப்பு அதிகம். பிச்சுக்கிட்டு வந்தா ரொம்பக் கஷ்டம். ஆனாலும் எடுத்துட்டுப் போயிருக்கணும்."

இப்படிப் பிய்த்துக்கொண்டு வரும் காயத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அவல்ஷன்'. அரிவாள் வெட்டில் ரத்தக்குழாய் ஒரே இடத்தில் துண்டாகிறது. பிய்ந்த காயத்திலோ குழாயும் நரம்பும் ரப்பர் போல இழுபட்டு, உள்ளே வெவ்வேறு இடங்களில் அறுகின்றன. தசைநார் முழங்கைப் பக்கத்திலிருந்தே உருவிக்கொண்டு வருவதும் உண்டு. வெளியே முழுசாகத் தெரியும் விரலுக்குள் குழாய்கள் நைந்து போயிருக்கும்.

அதனால்தான் சிகிச்சையும் நீளமானது. நைந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, அந்த இடைவெளிக்குக் கையிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு சிரையை எடுத்து, மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். 2015-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபேலன் வீட்டுச் சமையலறையில் இடறி விழுந்தார். மேஜையில் மாட்டிய மோதிரம் விரலைப் பிய்த்துவிட்டது. காலிலிருந்து சிரை எடுத்து, ஆறு மணி நேரம் அறுவை செய்துதான் அந்த விரலைக் காப்பாற்றினார்கள்.

ஒட்டவைக்க முடியாமல் போனாலும் வழி அடைந்துவிடுவதில்லை. தோல் மட்டும் உரிந்திருந்தால் தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். எலும்பு தெரிந்தால் வேறிடத்துச் சதையோடு சேர்த்து மூடுவார்கள். கட்டைவிரலே போய்விட்டால் கால்விரலை எடுத்துக் கையில் பொருத்துவதும் உண்டு.

பெண்கள் கவனிக்க வேண்டியது சடையை. 1994-ல் பஞ்சாபில் ஒன்பது வயதுச் சிறுமியின் சடை கதிரடிக்கும் மெஷினில் சிக்கி, தலைத்தோலும் முகமும் இரண்டு துண்டுகளாகப் பிய்ந்து வந்துவிட்டன. பெற்றோர் அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு லூதியானாவின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினார்கள். டாக்டர் ஆபிரகாம் தாமஸும் அவருடைய குழுவினரும் அந்த முகத்தைத் திரும்பப் பொருத்தினார்கள். முழு முகத்தை மறுபடி பொருத்திய உலகின் முதல் அறுவை சிகிச்சை என்று அது பேசப்படுகிறது. அந்தச் சிறுமி வளர்ந்து நர்ஸிங் படித்தாள். பெற்றோர் அன்றைக்கு அந்தப் பையை எடுத்துப் போகாமல் இருந்திருந்தால், டாக்டரின் கையில் பொருத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது.

ஆகவே வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

முதலில் மெஷினை நிறுத்துங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மருத்துவர் அதைக் கழுவி எடுப்பதற்குள் நேரம் போய்விடும். விரலோ தோலோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்டி எடுக்காதீர்கள். அந்தச் சிறு ஒட்டில்கூட ரத்தம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

தனியாக வந்துவிட்ட பாகத்தை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். தண்ணீரில் ஊறினாலும் கெடும். பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள். சதை அதிகமுள்ள கை, கால் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை தொடங்கினால் நல்லது. குளிரில் வைத்த விரல் இன்னும் சற்று நேரம் தாங்கும். மைக்ரோ சர்ஜரி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிட்டால் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டியிருக்காது.

பிள்ளைகள் விழுந்து பல் வேரோடு வந்துவிடுவதும் அவல்ஷன்தான். நிலைத்த பல்லாக இருந்தால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டு போனால் திரும்ப ஊன்றி வைக்க வாய்ப்பு அதிகம். பால் பல்லைத் திரும்ப ஊன்றுவதில்லை.

இத்தனை மணி நேர அறுவையைத் தவிர்க்க, வேலைக்கு முன் அரை நிமிடம் போதும். கதிரடிக்கும் மெஷின், மாவு மில் பெல்ட் பக்கம் போகும்முன் சடையைக் கொண்டையாக முடிந்து துணியால் கட்டிக்கொள்ளலாம். முந்தானையையும் துப்பட்டாவையும் இறுக்கிச் செருகலாம். சுவர் ஏறிக் குதிக்கும் பையன் மோதிரத்தைக் கழற்றி வைக்கலாம். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றாமல் பிடிக்கலாம். மாடு மிரண்டால் கயிற்றை விட்டுவிடுங்கள். ஓடின மாடு பொழுது சாய்வதற்குள் தொழுவத்துக்கு வந்துவிடும்.