வளவில் வளரும் வாத்துகள்

புகலிட நாடுகளில் வீட்டுக்குப் பின்னால் கத்தரி, மிளகாய், கீரை பயிரிடும் எம்மவர் பலர். ஜேர்மனியில் கீழ் ரைன் பகுதிக் கிராமமொன்றில் வாழும் நாம், அவற்றோடு வாத்தும் வளர்த்து வருகின்றோம். ஊரில் எமது வீட்டில் தாரா நின்றதுண்டு. கழுத்து நீண்ட இப்பெரிய வாத்து எமக்குப் புதிது. அயலில் வாழும் முதிய விவசாயி ஒருவரே இதனைக் கற்றுத் தந்தார்.

ஆண் ஒன்றும் பேடு இரண்டுமாக ஆரம்பித்தோம். வாத்து புல் மேயும் பறவை. நல்ல புற்றரை இருப்பின் கோடையில் தீன்செலவு குறைவு. பகற்பொழுது நீளத் தொடங்கும் மாசி, பங்குனியில் முட்டையிடும். முதலாண்டு முட்டைகளிற் கூழ்முட்டை மிகுதி. இரண்டாம் ஆண்டிலிருந்தே நல்ல பலன் கிடைக்கும்.

அடைக்காலம் ஏறத்தாழ 30 நாட்கள். பேடு தன் நெஞ்சு மென்சிறகைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தையிடும். இரைக்கும் குளிப்புக்கும் எழும்போது முட்டைகளை அச்சிறகால் மூடிச் செல்லும்; ஈர உடலுடன் திரும்பி வந்து அமரும். அதுவரை ஆண் வாத்து எவரையும் அண்டவிடாது. இயந்திரத்தில் பொரிக்க வைப்போர், முட்டையைப் புரட்டுதல், சற்றே ஆறவிடுதல், நீர் தெளித்தல் என அத்தாய் செய்வதையெல்லாம் செய்தல் வேண்டும்.

பொரித்த குஞ்சு, முதலிற் காணும் அசையும் உருவையே தாயெனத் தொடரும். இதனை விரிவாக ஆராய்ந்த கொன்றாட் லோரன்ஸ் 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். முதல் வாரம் குஞ்சுகளுக்கு 32 பாகை அளவு வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். ஆயராக விரும்பாது வாத்துப்பட்டியில் ஒளிந்த மார்ட்டினை, வாத்துகளின் கூச்சல் காட்டிக்கொடுத்தது என்பது இங்குள்ள பழங்கதை. அந்நாளையொட்டி வாத்துப் பொரியல் உண்பது வழக்கம். மேலதிக ஆண் குஞ்சுகளை அப்போது விற்கின்றோம். பிள்ளைகள் பெயர் வைத்த வாத்தை மட்டும் விற்பதில்லை என்பது வீட்டுச் சட்டம்.

ஆயினும் நாம் சொல்ல வந்தது வேறு. புகலிடம் கோரிய ஆரம்ப ஆண்டுகளில், சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் டுல்டுங் கடதாசியே எமது காலக்கணக்கு. நாளை திரும்பக்கூடும் என்றெண்ணி நல்ல கட்டில்கூட வாங்காதிருந்தோம். வாத்தோ நன்கு பேணினால் 20 ஆண்டுகள்வரை வாழக்கூடியது. முதற்குஞ்சுகளைக் கொண்டுவந்த அன்று அம்மா கேட்டார்: "அப்ப இனி ஊருக்குப் போறேல்லை எண்டு முடிவோ?" எவரும் விடை கூறவில்லை. குஞ்சுகளைக் குளிரில் விட்டுவைக்க மனமின்றி, அம்மாவே பெட்டியில் வைக்கோல் பரப்பினார். அக்கேள்வி இன்றும் விடையின்றியே நிற்கின்றது. வாத்துகளோ ஆண்டுதோறும் அடையிருக்கின்றன.

ஜேர்மனியில் வளர்க்க விரும்புவோர், ஒரு வாத்தாயினும் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிதல் கட்டாயம். பறவைக் காய்ச்சற் காலத்தில் கூரையின் கீழ் அடைக்க உத்தரவு வரலாம். அதற்கேற்ற இடம் வேண்டும். அயலவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாத்தின் குரல் சிறிதன்று. கூட்டை ஆண்டுகள் பல நிற்குமாறு உறுதியாகவே கட்டுங்கள்.