ஆயிரம் என்றால் எவ்வளவு?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் கூத்தாநல்லூர்த் தேநீர்க் கடைகளில் வெறும் எண்களாலேயே உரையாடல் நடக்கும். அணை நிரம்பிய ஆண்டென்றால் "நூற்றிருபது" என்பார் ஒருவர். "தொண்ணூற்று மூன்று" என்பார் அடுத்தவர். "பன்னிரண்டாயிரம் விடுகிறார்களாம்" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். முதலாவது மேட்டூரின் நீர்மட்டம், அடிக்கணக்கில். இரண்டாவது நீர் இருப்பு, டி.எம்.சி. கணக்கில். மூன்றாவது திறந்துவிடும் அளவு, விநாடிக்கு இத்தனை கன அடி என்று. வெண்ணாற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர் எவரும் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் செய்தித்தாளும் இதே பழக்கத்தில் "12,000 கன அடி தண்ணீர் திறப்பு" என்று தலைப்பிடும்போது, வெளியூர்க்காரர் அதை என்னவென்று படிப்பார்? வெறும் 12,000 கன அடி என்பது ஏறத்தாழ மூன்று லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர். பெரிய தண்ணீர் லாரிகள் இருபத்தெட்டில் அடங்கிவிடும். 'விநாடிக்கு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அதுவே ஒரு நாளில் ஒரு டி.எம்.சி.யைத் தாண்டுகிறது.

உள்ளூர்க்காரருக்குத் தேவைப்படாத அந்தச் சொல், வெளியிலிருந்து வருபவரை எவ்வளவு தூரம் அலைக்கழிக்கும் என்பதை என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து அறிந்தேன். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் போனவர் அவர். சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்பு அங்கிருந்தவர் விட்டுச்சென்ற குறிப்பேட்டைப் பார்த்துப் புதிய கணினிகளை அமைத்திருக்கிறார். அதில் ஒரு வரி: 'ரீட்ரான்ஸ் டைம் – 1000'. அவ்வளவுதான்.

அது என்ன என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு கணினி அதே வலையில் உள்ள இன்னொன்றுடன் பேச விரும்பினால், "இந்த முகவரி யாருடையது?" என்று முதலில் வலை முழுக்கக் கூவிக் கேட்கும். பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும். வழக்கமாக மூன்று முறை கேட்டுவிட்டு, ஆள் இல்லை என்று முடிவு கட்டும். இரண்டு கூவல்களுக்கு இடைப்பட்ட அந்தப் பொறுமையின் அளவுதான் ரீட்ரான்ஸ் டைம். இயல்பாக அது ஒரு நொடி. ஆனால் லினக்ஸ் அதை எழுதிவைக்கும் கோப்பில் 100 என்று இருக்கும். நொடியில் நூறில் ஒரு பங்கு அதன் அலகு. மாணவர் அங்கே 1000 என்று எழுதினார். பொறுமை பத்து நொடியாயிற்று. வலையில் ஒரு கணினி விழுந்தால் மூன்று நொடியில் அதைக் கைவிட்டு மாற்றுக் கணினிக்குத் தாவவேண்டிய நிரல்கள், முப்பது நொடி வாயடைத்து நின்றன. பல இரவுகள் அவர் உறங்கவில்லை. பழி முழுவதும் புதியவர் தலையில். தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு அது விளையாட்டல்ல.

குறிப்பேடு எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் பார்த்தது வேறு கோப்பு. 2005இல் வந்த 2.6.12 கெர்னலிலிருந்து, பெயரின் இறுதியில் 'எம்.எஸ்.' என்று ஒட்டிய இன்னொரு கோப்பும் அருகிலேயே இருக்கிறது. அதன் அலகு மில்லிநொடி. அங்கே 1000 என்றால் ஒரு நொடி. உள்ளே இருப்பது ஒரே அளவு, வெளியே வாசல்கள் இரண்டு. அந்தக் கோப்பகத்தைத் திறந்து பார்த்தால், ஒன்றில் 60 என்பது அறுபது நொடி. இன்னொன்றில் 80 என்பது நொடிக்கும் குறைவு. ஐ.பி. ஆறாம் பதிப்புக்கான பகுதியிலோ அதே பெயரில், அதே ஒரு நொடிக்கு, 250 என்றோ 1000 என்றோ இருக்கும். அது 'ஜிஃபி' கணக்கு. கெர்னலின் கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு ஜிஃபி என்று பெயர். அந்தத் துடிப்பு கெர்னலுக்குக் கெர்னல் மாறும். சாதாரண இன்டெல் கணினிகளில் 2.4 வரை நொடிக்கு 100. 2003 இறுதியில் வந்த 2.6.0இல் 1000, 2005இல் 2.6.13 முதல் நிறுவுபவர் விருப்பம், தேர்ந்தெடுக்காவிட்டால் 250.

இதைக் கேட்டபோது எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வதுதான். மாத்திரையின் அளவு இமைப்பொழுது அல்லது கைந்நொடிப் பொழுது. யாருடைய இமை, யாருடைய விரல் என்று இலக்கணம் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என்ற விகிதம் நின்றால் போதும். விரைந்து பேசுபவருக்கும் இழுத்துப் பேசுபவருக்கும் அது பொருந்தும். ஜிஃபியும் கெர்னலின் உள்ளே இப்படித்தான் பழுதில்லாமல் வேலை செய்கிறது. அந்த எண்ணை அப்படியே வெளியே எடுத்து ஒரு மனிதர் கையில் கொடுத்ததுதான் வினை.

கெர்னல்காரர்கள் அதைத் திருத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. பழைய பெயரின் பொருளை அவர்கள் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அதை நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்கள் அத்தனையும் ஓசையில்லாமல் தவறாகியிருக்கும். அலகைப் பெயரிலேயே ஏந்திய புதுக்கோப்பை வைத்தார்கள். ஆறாம் பதிப்பில் பழைய வாசலில் நுழைபவரை, எம்.எஸ். வாசலுக்குப் போகச் சொல்லிக் கெர்னலே எச்சரிக்கிறது.

நாம் செய்தது நேர்மாறு. நாழிகைக்கு அறுபது விநாடி. நாழிகை இருபத்து நான்கு நிமிடம். ஆகவே விநாடி என்பது இருபத்து நான்கு நொடி. ஆங்கிலேயரின் 'செகண்ட்' வந்தபோது அந்தப் பழைய பெயரையே எடுத்து அதற்குச் சூட்டிவிட்டோம். பஞ்சாங்கத்தில் 30 விநாடி என்று பார்க்கும் இளைஞர் அரை நிமிடம் என்று கொள்கிறார். அது பன்னிரண்டு நிமிடம். இதைத் திருத்தும் காலம் கடந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

மாணவர் இப்போது தம்மிடம் வேலை பழகும் தமிழ் இளைஞர்களுக்காகக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதிவருகிறார். '1000 மில்லிவிநாடி' என்றிருந்ததைப் பார்த்து, "தம்பி, மில்லிநொடி என்றே எழுதுங்கள், விநாடிக்கு இரண்டு பொருள் இருக்கிறது" என்றேன்.

"நொடியும் விரல் சொடுக்குவதுதானே ஐயா, ஆளுக்கு ஆள் மாறுமே" என்றார்.

வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். கடைசியில், மில்லிநொடி என்றே எழுதி, பக்கத்தில் கோப்பின் முழுப்பெயரையும், குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 'ஒரு நிமிடத்துக்கு 60 நொடி' என்ற வரியையும் சேர்த்தார்.