கித்துல்கலவுக்கு வருகிறவர்கள் வாசிக்கவும்

ஒரு நாள் காட்டு நடைக்கு எங்கள் குழுவில் இவ்வளவு நாளும் கதைத்தது வானையும் பிரியாணியையும் பற்றித்தான். மழையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போகப்போவதோ கித்துல்கல! தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை அந்த மலைச்சரிவில்தான் கொட்டித் தீர்க்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலடித்தாலும் பின்னேரம் இடிமழை. ஆகவே விடிய முன் வெள்ளவத்தையில் ஏறினால்தான் மதியத்துக்குள் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அருவியில் குளிக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். செல்பியை விட்டுவிட்டு உடனே கரையேற வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே சட்டம்தான்.

அட்டைக்குப் பயந்து வராமல் இருக்க வேண்டாம். நீளக் காலுறையில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். செருப்போடு வருபவரை நான் வானிலேயே விட்டுவிடுவேன்.

1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் பாலம் நின்றது கித்துல்கலவில் ஓடும் களனி கங்கையில்தான். பாலம் இப்போது இல்லை, ஆறு இருக்கிறது. அங்கே எறியும் லஞ்ச் சீற் ஆற்றோடு வந்து மட்டக்குளியில் கடலில் சேரும், கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே. குப்பைக்கு ஆளுக்கொரு பை கொண்டுவாருங்கள்.

பெயர் கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள். பிறகு இடமில்லை.