கொக்கி மாட்டாத அங்கி



சாரல் தொடங்கிவிட்டால் கடையநல்லூர்க்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று ஒருவர் சொன்னால் போதும், தெருவில் வேன் வந்து நிற்கும். ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளம் நிறைந்து படகுகள் இறங்கிவிட்டால் பிள்ளைகளின் நச்சரிப்புக்கு அளவே இராது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்களுக்கும் அந்தச் சில நாட்கள்தாம் ஆண்டு முழுவதற்குமான மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அது கண்ணீரில் முடிய ஒரு நிமிடம் போதும் என்பதைக் கண்ணால் கண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள். சவூதியிலிருந்து தம்பி வந்திருந்தான். இரண்டு வேன்களில் குடும்பமாகப் புறப்பட்டுப் புளியரை, ஆரியங்காவு வழியாக மலைக்கு அப்பாலுள்ள ஓர் ஏரிக்குச் சென்றோம். படகுத்துறையின் ஓரத்தில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் குவியலாகக் கிடந்தன. ஈர வாடை வீசியது. படகுக்காரர் அவற்றைக் கை காட்டினாரே தவிர, அணியுங்கள் என்று வற்புறுத்தவில்லை. நானும் ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

தம்பியின் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "பெரியவாப்பா, நீங்க மாட்டலையா?" என்று கேட்டான்.

"எனக்கு நீச்சல் தெரியும்லா. நான் குளத்துலயே வளர்ந்தவன்" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கைகளை மட்டும் அங்கிக்குள் நுழைத்துக்கொண்டு, கொக்கிகளைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்தான். எங்கள் கூட்டத்தில் ஒழுங்காக அணிந்தவர் எழுபது வயதைக் கடந்த என் உம்மா ஒருவர்தாம். புர்காவின் மேல் அங்கியைப் போட்டு, மூன்று கொக்கிகளையும் என் மனைவியிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். "சிரிங்க, சிரிங்க. நீச்சல் தெரிஞ்சவனுக்குத்தான் தண்ணி பயத்தைக் காட்டாது" என்றார் உம்மா.

ஏரியின் நடுவில் பையன் படம் எடுப்பதற்காக எழுந்து நின்றான். அதே நேரத்தில் இன்னொருவர் இடம் மாறினார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் விழுந்துவிட்டான். விழுந்த வேகத்தில் அங்கி மேலே எழும்பி முகத்தை மூடியது, கைகள் உயர்ந்தன, அவன் அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போனான். அங்கி மிதந்தது. பிள்ளை மிதக்கவில்லை.

அவன் கத்தவே இல்லை. மூழ்குகிறவர் கூச்சலிடுவார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் கூச்சலிட ஏது வழி? மூழ்குதல் பெரும்பாலும் ஓசையின்றியே நடந்து முடிகிறது. குளத்தில் வளர்ந்த நான் படகின் விளிம்பைப் பற்றியபடி சிலையாக உட்கார்ந்திருந்தேன். குதித்தவர் படகுக்காரர். சட்டைக் காலரைப் பிடித்து அவனை மேலே இழுத்துவந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தான். குடித்த நீர் நுரையீரலுக்குள் சென்றிருக்கக்கூடும் என்பதால் மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

அன்றிரவு அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது என்னை வதைத்த எண்ணம் ஒன்றுதான். அவன் கொக்கியை அவிழ்த்து விட்டது நான். என் கை அதைத் தொடவில்லை. என் சொல் தொட்டது. அந்தப் படகில் மூத்தவன் நான். நான் மாட்டியிருந்தால் அவனும் மாட்டியிருப்பான்.

2023 மே 7 அன்று, மலப்புறம் மாவட்டம் தானூரில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறைக் காலம். பொழுது சாய்ந்த பிறகும் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் 11 பேர். ஒரே மையவாடியில் அவர்களை அடக்கம் செய்தார்கள். அதற்கும் முன், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். நம் தமிழ்நாட்டவர் பலரும் அதில் இருந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்தது என்று அப்போது செய்திகள் கூறின. இன்று தேக்கடியில் அங்கி அணியாமல் படகில் உட்கார விடுவதில்லை. அந்த ஒழுங்கு வர 45 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

"எல்லாம் அல்லாஹ் விதித்தபடி நடக்கும், ஜாக்கெட் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. விதியை நம்புகிறோம், ஆனால் விதியைக் காட்டிக் கவனக்குறைவை மறைக்க மார்க்கம் இடம் தரவில்லை. நூஹ் (அலை) அவர்களைக் கப்பலே இல்லாமல் காப்பாற்ற அல்லாஹ்வால் முடியாதா? இருந்தும் பலகைகளாலும் ஆணிகளாலும் ஒன்றைச் செய்யுமாறு அவருக்குக் கட்டளையிட்டான். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு நம்புமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதைத் திர்மிதியில் காண்கிறோம். தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் எவருமில்லை. அவர்களே உஹதுப் போரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் தண்ணீரில் நமக்குள்ள கவசம். அதை அணிவது ஈமானின் குறைவன்று.

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுடைய தரத்தைப் பெறுவார் என்ற நபிமொழியும் உண்டு. அது பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் நெஞ்சுக்கு அருளப்பட்ட ஆறுதல். படகில் ஏறுகிறவனுக்கு அது சாக்காக முடியாது. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் இட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த இறைவசனத்தையும் (2:195) சேர்த்தே நினைக்க வேண்டும். உயிர் நம் சொத்தன்று, அமானிதம்.

இந்த அங்கி செய்யும் வேலை எளியது. பெரியவர் ஒருவரின் தலை நீருக்கு மேல் நிற்க 3 முதல் 5 கிலோ அளவுக்குக் கூடுதல் தூக்குவிசை கிடைத்தால் போதும். அதைத்தான் இந்த நுரைப்பட்டைகள் தருகின்றன. நீச்சல் தெரிந்தவருக்கும் இது தேவை. திடீரென விழும் அதிர்ச்சி, தலையில் பட்ட அடி, கால்களைச் சுற்றும் நனைந்த கைலி அல்லது புர்கா ஆகியவற்றின் முன் நீச்சல் கைகொடுக்காமல் போகலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டுக் கணக்குகளில், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களுள் 100க்கு 80 பேருக்கும் மேல் அங்கி அணியாதவர்கள்.

ஆனால் அணிவது என்பது கொக்கி மாட்டுவது. எல்லாக் கொக்கிகளையும் மாட்டி வாரை இறுக்குங்கள். பிறகு பிள்ளையின் அங்கியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை எழும்பினால் அளவு பெரிது, சிறியதைக் கேளுங்கள். துணி கிழிந்ததையும் கொக்கி உடைந்ததையும் ஏற்காதீர்கள். கரையிலேயே அணியுங்கள், கரைக்குத் திரும்பி இறங்கும்வரை கழற்றாதீர்கள். நம் பெண்கள் புர்காவின் மேலேயே அணியலாம். என் உம்மா அணிந்தது போல. படகில் எழுந்து நிற்க எவரையும் விடாதீர்கள். அங்கி இல்லை என்றாலோ, ஆட்கள் அதிகம் என்றாலோ, இருட்டத் தொடங்கிவிட்டது என்றாலோ ஏறாதீர்கள். கொடுத்த பணம் போகட்டும். பிள்ளைகள் அழட்டும், சற்று நேரத்தில் மறந்துவிடுவார்கள்.

இப்போதும் நாங்கள் படகில் போகிறோம். படகுத்துறையில் முதல் அங்கியை நான் அணிகிறேன். பிள்ளைகள் பார்க்கும்படி மூன்று கொக்கிகளையும் மாட்டுகிறேன். பிறகுதான் பயண துஆ. தம்பியின் மகன் இன்று வளர்ந்துவிட்டான். சென்ற சாரலில், சிறு பிள்ளைகள் ஒவ்வொருவராக நிற்க, அவன் தோள்பட்டையைத் தூக்கித் தூக்கிச் சரிபார்த்துக்கொண்டே வந்தான். கடைசியில் என்னிடமும் வந்து, "பெரியவாப்பா, கையைத் தூக்குங்க" என்றான். தூக்கினேன்.

உம்மா இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவர்களின் கப்றை விசாலமாக்குவானாக. தண்ணீரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அழகிய பொறுமையை அளிப்பானாக. நம் பிள்ளைகளைப் போன வழியே பத்திரமாக வீட்டுக்குத் திருப்பித் தருவானாக. ஆமீன்.