குடத்தில் பெயர் போட சொந்த வீடு வேண்டும்!

வாடகை வீட்டில் குடியிருக்கும் அன்பர்களே, ஒரு சோகச் செய்தி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு நீங்கள் உத்திரமேரூரில் இருந்திருந்தால், ஏரி வாரியத்தில்கூட உங்களைச் சேர்த்திருக்க மாட்டார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்த தேர்தல் விதி அப்படி. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். அட்வான்ஸ் ரசீதெல்லாம் செல்லாது.

இந்த விதிப்படி முதல் ரவுண்டிலேயே அவுட் ஆகிறவன் ஓவியக் கல்லூரி மாணவன். என் அக்கா பையன் அந்த ரகம். சொந்த ஊர் உத்திரமேரூர். படித்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற டாக்டர் ஆரம்பித்தது. நாலு வருஷம் முடிந்து, மே மாதத்தில் பெரியமேட்டு அறையைக் காலி செய்தான். எனக்கு ஒரு போன். "மாமா, குட்டியானை பேசிட்டேன். நீங்க வந்தா மட்டும் போதும்."

வண்டி வாடகையோடு வந்தால் போதும் என்று அர்த்தம். தாய்மாமனுக்கு இது புரியாதா?

ஆபீஸ் ஆசாமி வீடு மாற்றினால் பீரோ, கட்டில், காஸ் அடுப்பு. இவனிடம் இருந்ததோ ஒரு பாய், ஒரு பக்கெட், நாற்பத்து மூன்று கேன்வாஸ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த ஒரு கிழவர் தலை. கேன்வாஸ் மேல் எதையும் அடுக்கக் கூடாதாம். முகத்தோடு முகம் உரசக் கூடாதாம். ஆயில் பெயின்ட் மேலே காய்ந்த மாதிரி பாசாங்கு பண்ணும், உள்ளே மாசக்கணக்கில் ஈரமாம். ஆக, வண்டியில் பாதி சாமான், பாதி காற்று. காற்றுக்கும் சேர்த்து வாடகை!

வீட்டுக்காரர் வந்து சுவரைப் பார்த்தார். ஒரு மூலையில் நீலக் கறை. அட்வான்ஸில் ஆறாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்த நீலத்தை ஒரு நாள் நீங்களே ஃபிரேம் போட்டு மாட்டுவீங்க."

"மாட்டறேம்பா. அதுவரைக்கும் ஆறாயிரம் எங்கிட்டயே இருக்கட்டும்."

கிழவர் தலை உடைந்துவிடும் என்று லுங்கியில் சுற்றி முன் சீட்டில், என் மடியில் வைத்தார்கள். பரனூர் டோல்கேட்டில் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "பெரியவருக்கு என்ன சார், முடியலையா?" என்றார். "தலை மட்டும்தான் இருக்கு" என்று உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு அவர் எங்களை முந்தவே இல்லை.

செங்கல்பட்டு தாண்டி சாலவாக்கம் பக்கம் திரும்பினால் ஜல்லி லாரிகளின் ராஜ்ஜியம். வண்டி குலுங்கும்போதெல்லாம் பையனுக்கு உயிர் போய் வந்தது. குலுக்கலுக்கு நடுவில்தான் விஷயம் வெளியே வந்தது. அப்பா காஞ்சிபுரத்தில் வேலை பார்த்து வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் பட்டுச் சேலைக்கு பார்டர் டிசைன் போடுகிற வேலை. மாதச் சம்பளம். இந்தப் படங்களை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு ஒழுங்காகப் பிழைக்க வேண்டும் என்பது உத்தரவு.

இது புதுக் கவலை இல்லை. 1960-களில் இதே கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரையும் இதுதான் அரித்தது. படிக்கும்போது அமர்க்களமாக வரைகிற பையன்கள், வெளியே போனதும் ஏதோ ஒரு வேலையில் காணாமல் போனார்கள். அவரும் மாணவர்களும் பாத்திக் துணி, கைவினைப் பொருள் என்று செய்து விற்றார்கள். காசு சேர்த்து 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். வயிற்றுக்குக் கைவினை, மனசுக்கு ஓவியம். ஆளுக்கொரு வீடு, அதுவும் சொந்த மனையில். பராந்தகனே வந்தாலும் குறை சொல்ல முடியாது!

உத்திரமேரூரில் டிரைவருக்கு டீ வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் கோயிலுக்குள் நுழைந்தோம். முப்பது குடும்பு, அதாவது வார்டு. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பதவி 360 நாள். பி.காம். படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த விதி வேறு: கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது, அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. அந்தப் பட்டியலில் தாய்மாமனும் உண்டு! 2020-ல் டெல்லியில் புதிய பார்லிமென்டுக்கு அடிக்கல் நாட்டியபோதுகூட இந்தக் கல்வெட்டைப் புகழ்ந்தார்கள். வேதம் படித்தவர்கள் ஓலை மட்டுமே அந்தக் குடத்தில் விழுந்தது, உழுதவன் பெயருக்கு ஓலையே இல்லை என்பதைப் புகழ்கிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பையன் விதியைக் கவனிக்கவே இல்லை. எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "ஒரு கோடு தப்பினா அழிக்க முடியாது மாமா. எவ்ளோ நேரா போயிருக்கான் பாருங்க."

வீட்டு வாசலில் அக்கா வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். வண்டியைப் பார்த்தார், நாற்பத்து மூன்றையும் எண்ணினார். "இத்தினியும் எங்கடா வைப்ப?"

"மாட்டுக் கொட்டாய் காலியாத்தான கெடக்குது. மாடு வித்து ரெண்டு வருசம் ஆச்சி" என்றாள் அக்கா. "பகல்ல காஞ்சிபுரம் போயிட்டு வரட்டும். ராத்திரி அங்க உக்காந்து இன்னா வேணா கிறுக்கட்டும்."

அவர் பதில் சொல்லவில்லை. நாங்கள் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனோம். கடைசிப் படம் ஆறடிக்கு அஞ்சடி. மாடு நுழைகிற வாசலில் அது நுழையவில்லை. சாய்த்தோம், திருப்பினோம், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டோம். ம்ஹூம்.

அவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். படத்தை ஒரு முறை பார்த்தார். ஏரி, நடுவில் ஒற்றைக் கொக்கு. வாசல் நிலையைத் தட்டிப் பார்த்தார்.

"ஏ, அந்தக் கடப்பாரைய எடுத்தா."