சிராப்பள்ளி என்னும் பெயர்

காவேரியின் தென்கரையில், சமவெளியின் நடுவே தனித்தெழுந்து நிற்கிறது ஒரு குன்று. அக்குன்றைச் சுற்றி எழுந்த ஊரே திருச்சிராப்பள்ளி. அப்பெயருக்குப் பொருள் யாது என்று வினவினாலோ, ஒருவர் கூறுவது மற்றொருவருக்கு உடன்பாடாவதில்லை.

புராணம் தரும் விடை பலரும் அறிந்தது. மூன்று தலைகளையுடைய திரிசிரன் என்னும் அரக்கன் இங்கே சிவபெருமானைப் பூசித்தானாம். அதனால் ஊர் திரிசிரபுரம் ஆயிற்றாம். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களையும் 'திரிசிரபுரம்' என்ற அடையோடு வழங்குதல் மரபு. வேறு சிலர், கல்லைக் குறிக்கும் 'சிலா' என்னும் வடசொல்லே 'சிரா' எனத் திரிந்தது என்பர்.

ஆனால், 7-ஆம் நூற்றாண்டில் இத்தலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர் 'சிராப்பள்ளி' என்றே குறிக்கிறார். மூன்றென்னும் பொருள்படும் 'திரி' அங்கே இல்லை. 'திரு' என்பதோ சிறப்புப்பற்றிச் சேர்ந்த அடைமொழி.

இனி, 'பள்ளி' என்பதை நோக்குவோம். படுக்கையைக் குறிக்கும் அச்சொல், சமண பௌத்தத் துறவிகளின் உறைவிடத்தையும் குறிக்கும். மலைக்கோட்டையின் உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறத்தே, இயற்கைக் குகையொன்றில் துறவிகள் துயின்ற கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. 'சிரா' என்னும் முனிவர் தங்கிய பள்ளியே சிராப்பள்ளி என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அதே மலையில் முதலாம் மகேந்திரவர்மன் சிவபெருமானுக்குக் குகைக்கோயில் குடைவித்தான். மலையில் சமயம் மாறிற்று. பள்ளி என்னும் பெயர் மாறவில்லை.

ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றால் இத்துணை வழக்கில்லை. அரங்கம் என்பதற்கு ஆற்றிடைக்குறை என்பது பொருள். காவேரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ்ந்திருக்க, பெயரின் பொருள் கண்ணெதிரே விளங்குகிறது.

ஆங்கிலேயர் நாவில் நம் ஊர் 'டிரிச்சினாபாலி' ஆயிற்று. அப்பெயரைத் தாங்கிய சுருட்டுகள் கப்பலேறிச் சீமைக்குச் சென்றன. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதற்கதையில், அத்துப்பறிவாளர் சாம்பலைக் கண்டே அச்சுருட்டை இன்னதென்று கூறுகிறார்!

அன்னியர் எவ்வளவு சிதைத்தும் பள்ளியைப் 'பாலி'யாகவேனும் விட்டுவைத்தனர். நாமோ 'திருச்சி' என்று சுருக்கி, அடைமொழியையும் பெயரின் முதலெழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டோம். பேச்சின் விரைவில் அது பொறுக்கத்தக்கதே. ஆயினும், நம் குழந்தைகளுக்கு ஊர்ப்பெயர் கற்பிக்கும்போதேனும் முழுப்பெயரையும் கூறுவோமாக. பள்ளி என்ற சொல் வழக்கொழியுமாயின், அம்மலைமேல் கற்படுக்கைகளில் துயின்றவர் யாரென்று வினவுவதற்கும் நாளை ஒருவர் இரார்.